மோட்டார் வண்டிக்கு ஏற்ற ஒலிபெருக்கி எது?

வீட்டிலே வானொலி பாடும்போது அதனை விரும்பாதவர் எழுந்து மற்றோர் அறைக்குப் போகலாம். முற்றத்திலே சென்று அமரலாம். மோட்டார் வண்டியிலோ அந்த வசதி எவர்க்கும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரமும் தந்தையும் தாயும் பிள்ளைகளும் பின்னாசனத்தில் அமர்ந்திருக்கும் அம்மம்மாவும் ஒரே ஒலியைக் கேட்டுக்கொண்டே செல்ல வேண்டியவராவர். அவ்வொலி இனிதாயின் பயணம் சுருங்கும்; இன்னாதாயின் நீளும். ஆதலால், காரின் வானொலிக்கு ஒலிபெருக்கி தெரிந்தெடுத்தல் இளைஞர் ஒருவரின் பொழுதுபோக்கு மாத்திரமன்று. குடும்பத்தார் அனைவரின் செவிகளுக்கும் செய்யப்படும் ஓர் ஏற்பாடாகும்.

காரோடு கூட வந்த ஒலிபெருக்கிகள் சில ஆண்டுகளிலே களைத்துவிடுகின்றன. பாட்டின் நடுவே கரகரப்பு எழுகின்றது. ஒரு பக்கம் ஊமையாகின்றது. மிருதங்கத்தின் நாதம் தகரத்தைத் தட்டியது போல் ஆகின்றது. உடனே நாம் கடைக்குச் செல்கின்றோம். அங்கே பளபளக்கும் பெட்டிகளின் மேல் 300 என்றும் 500 என்றும் பெரிய எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எண் பெரிதானால் ஒலியும் சிறப்பாகும் என்றே பலரும் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. நல்ல ஒலிபெருக்கியை அதன் முழக்கத்திலே அறிய இயலாது. தாழ்ந்த ஒலியிலும் சொல் தெளிவாக விளங்குகின்றதா என்பதிலேயே அறிதல் வேண்டும். இதனை மனத்திற் கொண்டால், கைப்பணமும் வீணாகாது, செவியும் கெடாது. எவ்வாறு என்பதை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

பழுது எங்கே இருக்கின்றது?

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்குவார் இல்லை. ஒலி கெட்டவுடன் ஒலிபெருக்கியின் மீதே பழி சுமத்துதல் முறையாகாது.

நம் நாட்டு வீதிகளில் ஓடும் கார்களுட் பல, ஜப்பானிலே பாவிக்கப்பட்டுப் பின்னர் இங்கு இறக்குமதியானவை. ஜப்பானிய வானொலிப் பெட்டிகள் அந்நாட்டின் பண்பலை வரிசைக்கெனச் செய்யப்பட்டவை. அவ்வரிசை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரையே இருந்தது. இலங்கையின் பண்பலை நிலையங்களோ 87.5 முதல் 108 வரையிலான வரிசையில் ஒலிபரப்புகின்றன. இவ்விடைவெளியை நிரப்புவதற்காக, அலைவரிசையை மாற்றித்தரும் சிறு கருவியொன்றைப் பலர் வானொலியோடு இணைத்துவிடுகின்றனர். இரைச்சலும் மங்கலும் அக்கருவியினால் எழுதல் கூடும். ஒலிபெருக்கியை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் குறை தீராது. ஆகையால் முதலில் கைத்தொலைபேசியிலிருந்தோ இறுவட்டிலிருந்தோ ஒரு பாட்டை ஒலிக்கச் செய்து பாருங்கள். அப்பாட்டுத் தெளிவாக இருந்து வானொலி மட்டும் இரைந்தால், குற்றம் ஒலிபெருக்கியில் இல்லை.

எல்லாவற்றிலும் கரகரப்பு இருக்குமாயின், ஒலியை இடப்பக்கமாகவும் வலப்பக்கமாகவும் மாற்றி மாற்றித் திருப்பி, எந்த மூலையில் குற்றம் என்று கண்டுகொள்ளுங்கள். பின்னர் அந்த ஒலிபெருக்கியைக் கழற்றி, நல்ல நிலையிலுள்ள மற்றைப் பக்கத்து ஒலிபெருக்கியை அவ்விடத்திலே இணைத்துப் பாருங்கள். அதுவும் கரகரத்தால் குற்றம் கம்பியிலோ வானொலிப் பெட்டியிலோ உள்ளது. அது நன்றாக ஒலித்தால், கழற்றிய ஒலிபெருக்கியே பழுதுபட்டது என்று துணியலாம்.

மாணவர்கள் மல்ரிமீற்றர் ஒன்றினாலும் இதனைச் சோதிக்கலாம். 4 ஓம் எனக் குறிக்கப்பட்ட நல்ல ஒலிபெருக்கியின் முனைகளை அளந்தால், 3 ஓமுக்கும் 4 ஓமுக்கும் இடைப்பட்ட ஓர் எண் தோன்றும். எண் ஒன்றுமே தோன்றாவிடின் உள்ளிருக்கும் சுருள் அறுந்துவிட்டது என்பது பொருள்.

கூம்பும் சுருளும் காந்தமும்

ஒலிபெருக்கியின் உள்ளமைப்பை ஒருமுறை விளங்கிக்கொண்டால், கடையிலே சொல்லப்படும் பலவற்றின் உண்மை பொய்யை நாமே பகுத்தறியலாம்.

வலிய காந்தம் ஒன்றின் இடுக்கிலே மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று தொங்குகின்றது. வானொலியிலிருந்து வரும் மின்னோட்டம் அச்சுருளிலே பாயும்போது, அது காந்தத்தினால் முன்னும் பின்னும் தள்ளப்படுகின்றது. சுருளோடு ஒட்டப்பட்ட கூம்பும் அதனுடன் அசைந்து காற்றை அதிரச் செய்கின்றது. அவ்வதிர்வே நம் செவியில் பாட்டாக வந்து விழுகின்றது. இவ்வகை ஒலிபெருக்கியின் நவீன வடிவத்தை அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925இல் வெளியிட்டனர். கொழும்பிலே வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அதே 1925ஆம் ஆண்டின் இறுதியிலேதான். ஐந்து ஆண்டுகளின் பின், 1930இல், போல் கல்வின் என்பவரின் நிறுவனம் காருக்கென வானொலி ஒன்றைச் செய்து, அதற்கு மோட்டோரோலா என்று பெயரிட்டது. ஓடும் வண்டியையும் ஒலியையும் இணைத்துப் புனைந்த பெயர் அது. காந்தங்கள் சிறுத்தன, கூம்புகளின் பொருள்கள் மாறின, ஆயினும் 1925இல் வகுத்த அடிப்படை இன்றளவும் மாறவில்லை.

கூம்பு பெரிதானால் அதிகக் காற்றைத் தள்ளும். தாழ்ந்த சுருதிகள் நன்கு பிறக்கும். உயர்ந்த சுருதிகளுக்கோ சிறிய, இலேசான கூம்பே தக்கது. ஒரே கூம்பு இரண்டையும் செவ்வனே செய்தல் அரிது. ஆகையினாலேதான் காரிலே பெரியது ஒன்றும், ‘ருவீற்றர்’ எனப்படும் சிறியது ஒன்றும் சேர்ந்து தொழிற்படுகின்றன.

500 வாற்றைக் கொடுப்பது யார்?

கடைகளிலே இத்தகையதோர் உரையாடலைக் கேட்டிருப்பீர்கள்.

“ஐயா, இது 500 வாற்று. இதற்கு மேல் காருக்கு என்ன வேண்டும்?” என்கின்றார் கடைக்காரர்.

“அப்பா, இதையே வாங்குவோம். என் நண்பன் வீட்டுக் காரில் இருப்பது 300 வாற்றுத்தான்” என்கின்றான் மகன்.

“தம்பி, அந்த 500 வாற்றைக் கொடுக்கப் போவது யார்? எங்கள் வானொலிப் பெட்டியிலே அவ்வளவு இருக்கின்றதா?” என்று தந்தை வினவுகின்றார்.

தந்தையின் வினாவே சரியான வினாவாகும். பெட்டியில் உள்ள எண், அந்த ஒலிபெருக்கி எவ்வளவு மின்வலுவைத் தாங்கும் என்பதைச் சொல்கின்றதேயன்றி, எவ்வளவு ஒலியைத் தரும் என்பதைச் சொல்லவில்லை. அதுவும் ஒரு கணநேரம் மாத்திரம் தாங்கும் உச்ச அளவாக இருத்தல் கூடும். தொடர்ந்து தாங்கும் அளவு ஆர்.எம்.எஸ். என்னும் குறிப்போடு, சிறிய எழுத்தில் வேறாக அச்சிடப்பட்டிருக்கும். நாம் பார்க்கவேண்டியது அந்தச் சிறிய எழுத்தையே.

வானொலிப் பெட்டி உண்மையில் எவ்வளவு மின்வலுவைத் தருகின்றது என்பதைப் பாடசாலையில் கற்ற கணக்கினாலேயே கண்டுபிடிக்கலாம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையினால் வகுத்தால் மின்வலு வரும். 14.4இன் வர்க்கம் 207.36, அதனை 4ஆல் வகுக்க, ஏறத்தாழ 52 வாற்று. வானொலிப் பெட்டிகளின் முகப்பிலே 50 வாற்று என்று எழுதுவதன் இரகசியம் இதுவே. மின்னழுத்தம் ஒரு கணமும் தாழாமல் உச்சியிலேயே நின்றால்தான் அந்த 52 கிடைக்கும். அப்போது வெளிவருவது பாட்டு அன்று; வெறும் இரைச்சலே. அலையலையாக ஏறி இறங்கும் தூய சுருதிக்கு இதிற் பாதியான 26 வாற்றே மேலெல்லையாகும். பெட்டிக்குள்ளே ஏற்படும் இழப்பையும் கழித்தால், ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 வாற்று எஞ்சும்.

20 வாற்றுத் தரும் வானொலிக்கு, தொடர்ந்து 40 அல்லது 50 வாற்றுத் தாங்கும் ஒலிபெருக்கி தாராளமாகப் போதும். 500 என்பதற்குக் கொடுக்கும் பணம், தனியே ஓர் அம்பிளிபயரும் வாங்கிப் பூட்டுவோர்க்கன்றி மற்றையோர்க்குப் பயன்தராது.

பார்க்கவேண்டிய எண்

அப்படியாயின் எந்த எண்ணைப் பார்ப்பது? டெசிபெல் என்னும் அலகிலே தரப்படும் ‘உணர்திறன்’ என்ற எண்ணையே பார்த்தல் வேண்டும். ஒரு வாற்று மின்வலுவைக் கொடுத்து, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால், ஒலி எவ்வளவு என்பதை அது தெரிவிக்கின்றது. 3 டெசிபெல் கூடுவது, மின்வலுவை இருமடங்காக்குவதற்கு ஒப்பாகும். 92 டெசிபெல் உணர்திறனுள்ள ஒலிபெருக்கி ஒன்று 10 வாற்றிலே தரும் ஒலியை, 86 டெசிபெல் உள்ளதொன்று தருவதற்கு 40 வாற்று வேண்டும். நமது வானொலியில் இருப்பதோ 20 வாற்றே. ஆகவே அதிக வாற்றைத் தாங்கும் ஒலிபெருக்கி, நம் காரிலே குறைவாகவே ஒலித்தலும் உண்டு.

ஒப்பிடும்போது ஓர் எச்சரிக்கை. சில நிறுவனங்கள் ஒரு வாற்றுக்குப் பதிலாக 2.83 வோல்ற்றைக் கொடுத்து அளக்கின்றன. 4 ஓம் ஒலிபெருக்கியிலே அது 2 வாற்றுக்குச் சமம். எனவே அவர்களின் எண் 3 டெசிபெல் கூடுதலாகத் தோன்றும். இரண்டு பெட்டிகளையும் ஒரே அளவுகோலாலே அளந்தனரா என்று பார்த்த பின்னரே முடிவுக்கு வருதல் நன்று. அவ்வாறே, 35 முதல் 30,000 ஹேட்ஸ் வரை ஒலிக்கும் என்று எழுதியிருப்பதைக் கண்டும் மயங்கவேண்டாம். மனிதச் செவி கேட்கும் எல்லையே 20 முதல் 20,000 வரைதான், அதுவும் இளமையில். அவ்வெல்லைக்குள் ஒலி எவ்வளவு ஏறி இறங்குகின்றது என்பதைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

நான்கு ஓம் என்றால் நான்கு ஓமே

கார் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் 4 ஓம் தடையுடையவை. வீட்டுப் பெட்டிகளில் உள்ளவை பெரும்பாலும் 8 ஓம். 4 ஓமுக்கெனச் செய்த வானொலியோடு 2 ஓம் ஒலிபெருக்கியை இணைத்தால் மின்னோட்டம் இருமடங்காகி, பெட்டி சூடேறிப் பழுதுபடக்கூடும். 8 ஓமை இணைத்தால் ஆபத்தில்லை. ஆனால் ஒலி குறையும். சில கார்களிலே உற்பத்தியாளரே தனி அம்பிளிபயரும் அதற்கேற்ற 2 ஓம் ஒலிபெருக்கிகளும் வைத்திருப்பர். ஆகையால் பழைய ஒலிபெருக்கியின் முதுகிலே எழுதியிருப்பதைப் படித்து, அதே தடையுள்ளதை வாங்குவதே நல்லது.

பழைய மொறிஸ் மைனர் வண்டியைப் பேணி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சொல். அவ்வண்டிகள் பற்றறியின் நேர்முனை உடற்பாகத்தோடு இணைக்கப்பட்டே செய்யப்பட்டன. இக்கால வானொலிகளோ மறைமுனை உடற்பாகத்தோடு இணைந்திருக்க வேண்டுபவை. இதனைச் சீர்செய்யாமல் புதிய பெட்டியைப் பூட்டினால், ஒலி கேட்பதற்கு முன்னரே புகை வந்துவிடும். மின்வேலை அறிந்த ஒருவரைக்கொண்டு முதலில் அதனை மாற்றுவித்தல் வேண்டும்.

அளவும் ஆழமும்

கார்க் கதவுகளில் ஆறரை அங்குல வட்ட ஒலிபெருக்கியே பெருவழக்கு. சிறிய வண்டிகளில் நான்கு அல்லது ஐந்தேகால் அங்குலமும், சிலவற்றில் ஆறுக்கு ஒன்பது அங்குல நீள்வட்டமும் காணப்படும். ஆனால் அகலம் மாத்திரம் பொருந்தினாற் போதாது. ஒலிபெருக்கியின் காந்தம் கதவுக்குள்ளே எவ்வளவு தூரம் நீண்டு செல்லும் என்பதையும் அளத்தல் வேண்டும். கண்ணாடியை முற்றாகக் கீழே இறக்கிவிட்டு, அதற்கும் கதவின் உட்டகட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். இதனைச் செய்யாதவர், புதிய ஒலிபெருக்கியைப் பூட்டிய மறுகணமே கண்ணாடி காந்தத்தில் முட்டி நிற்பதைக் காண்பர். ‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்ற பழமொழி இங்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றது.

துளைகள் ஒத்துவராவிடின் கதவைத் துளைக்கத் துணியவேண்டாம். அந்தந்தக் காருக்குரிய பொருத்து வளையங்களும், பழைய கம்பியை அறுக்காமலே இணைக்கும் செருகிகளும் கடைகளிலே கிடைக்கின்றன.

நமது வெயிலும் மழையும்

குளிர்நாட்டுப் பத்திரிகைகள் புகழும் ஒலிபெருக்கி எல்லாம் நம் நாட்டுக்கு ஏற்றதாகிவிடாது. வெயிலிலே நிறுத்திய காரின் உட்புறம் 50 பாகை செல்சியசைக் கடந்துவிடும். மழைநீர் கண்ணாடியின் விளிம்பு வழியாகக் கதவுக்குள்ளே வடியும். கரையோரத்து உப்புக்காற்று இரும்பை அரிக்கும். காகிதக் கூம்பு இனிய நாதம் தருவது உண்மையே. ஆயினும் ஈரத்திலே அது ஊறித் தளரும். கதவுக்கென வாங்கும்போது பிளாஸ்ரிக் வகைக் கூம்பையோ, நீர் ஏறாதபடி பூச்சிட்ட கூம்பையோ தெரிதல் நன்று. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பொருளாயின் வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடியாகிவிடும். இறப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும். இறப்பர் விளையும் நாட்டவராகிய நாம் இதனை நினைவிற் கொள்வது எளிதன்றோ?

சொல் விளங்க வேண்டும்

இனி, பின்னாசனத்தில் அமர்ந்திருக்கும் அம்மம்மாவிடம் வருவோம். வானொலியில் செய்தி வாசிக்கப்படுகின்றது. பேரன் குமிழைத் திருகி ஒலியைக் கூட்டிவிட்டு, “அம்மம்மா, இப்போது கேட்கிறதா?” என்கின்றான். “சத்தம் கேட்குது ராசா, சொல்லுத்தான் விளங்கேல்லை” என்பது அவரின் மறுமொழி.

அம்மம்மா கூறியதிலே ஓர் விஞ்ஞான உண்மை அடங்கியுள்ளது. முதுமையிலே செவி முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளையே. உயிரெழுத்துக்களின் வலிமை தாழ்ந்த சுருதிகளிலே பெரிதும் அமைந்திருக்கின்றது. சொல்லைச் சொல்லினின்று வேறுபடுத்தும் மெய்யெழுத்துக்கள் பலவற்றின் அடையாளமோ உயர்ந்த சுருதிகளில் இருக்கின்றது. கடை, சடை, தடை, படை என்னும் சொற்களை எண்ணிப் பாருங்கள். முதலில் நிற்கும் மெய்யொலி ஒன்றே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றது. அம்மெய்யொலி மங்கினால் நான்கும் ஒன்றாகிவிடும். ஒலியைக் கூட்டுவதனால் உயிரொலியின் முழக்கம் மேலும் பெருகுமேயன்றிச் சொல் தெளிவாகாது.

இந்த உயர்ந்த சுருதிகள் ஒளிக்கதிரைப் போல நேராகச் செல்லும் இயல்புடையவை. கதவின் அடியிலே, கால்களுக்கு அருகில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து அவை புறப்பட்டால், முழங்காலிலும் ஆசனத்திலும் பட்டு மறைந்துபோகும். ஆகையால் முன்புறத்திலே ருவீற்றர் தனியாகவும், பெரிய கூம்பு தனியாகவும் உள்ள இணையை வாங்கி, ருவீற்றரைக் கண்ணாடியின் ஓரத்திலே செவிக்கு நேராகப் பொருத்துவது மிகச் சிறந்த முறையாகும். செலவைச் சுருக்க வேண்டுவோர், பெரிய கூம்பின் நடுவிலேயே ருவீற்றர் அமைந்த ஓருடல் வகையை வாங்கலாம், பொருத்துவதும் எளிது. பணம் குறைவாயின் நான்கு மலிவானவற்றை வாங்குவதிலும், முன்புறத்துக்கு நல்ல இணை ஒன்றை வாங்குவது மேல். ஆனால் பின்னாசனத்தில் முதியோர் அடிக்கடி பயணம் செய்வாராயின், பின்கதவின் ஒலிபெருக்கியிலும் ஒரு நல்ல ருவீற்றர் இருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்குச் செவி மந்தமோ அவருக்கு ஏற்றதைத் தெரிந்தால், அது மற்றெல்லார்க்கும் இனிதாகவே இருக்கும்.

கதவு என்னும் பெட்டி

வீணையின் நாதத்துக்குக் குடம் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது ஒலிபெருக்கிக்குக் கதவு. கூம்பு முன்னோக்கிக் காற்றைத் தள்ளும்போது பின்புறத்தில் காற்றை இழுக்கின்றது. கதவிலே ஓட்டைகள் இருந்தால் முன்காற்றும் பின்காற்றும் கலந்து, தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பியொலி மறைந்து வலந்தலையொலி மாத்திரம் கேட்பது இதனாலேயே. ஒலிபெருக்கியின் விளிம்பைச் சுற்றி மென்மையான பட்டி ஒன்றை வைத்து இறுக்கி, உட்டகட்டின் பெரிய துவாரங்களை அதற்கென விற்கப்படும் ஒட்டுத்தாளால் மூடினால், சாதாரண ஒலிபெருக்கியும் விலையுயர்ந்ததைப் போல ஒலிக்கும். ஆனால் கதவின் அடியிலே மழைநீர் வடிவதற்கென உள்ள துளைகளை ஒருபோதும் அடைத்துவிடலாகாது.

இணைக்கும்போது நேர்முனையும் மறைமுனையும் இருபக்கமும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். ஒன்று மாறினால் ஒரு கூம்பு முன்செல்ல மற்றது பின்செல்லும். தாழ்ந்த சுருதி முற்றாகக் குன்றும். முனை எதுவென்று தெரியாவிடின், ஒன்றரை வோல்ற்று ரோச் பற்றறி ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், பற்றறியின் நேர்முனை தொட்ட முனையே ஒலிபெருக்கியின் நேர்முனை.

மற்றொன்று மிக முக்கியமானது. இக்காலக் கார்களிலே விபத்தில் உயிர்காக்கும் காற்றுப்பைகளின் கம்பிகள் மஞ்சள் நிற இணைப்புகளுடன் செல்கின்றன. சில கார்களின் கதவுக்குள்ளே மோதலை உணரும் கருவியும் இருக்கும். அவற்றைத் தொடவோ வெட்டவோ கூடாது. ஐயமுள்ளபோது அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

கேட்டுப் பார்த்து வாங்குதல்

கடையிலே பல ஒலிபெருக்கிகளை ஒரு பலகையில் வரிசையாகப் பூட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்வர். இரண்டில் சற்று உரத்து ஒலிப்பதையே நம் செவி சிறந்ததென்று ஏற்றுக்கொள்ளும். இது செவியின் இயல்பான மயக்கம். ஆகவே இரண்டையும் ஒரே அளவு ஒலியில் வைக்கச் சொல்லுங்கள். பின்னர் அவ்வொலியை மிகத் தாழ்த்தச் சொல்லுங்கள்.

முதலில் நீங்கள் பலமுறை கேட்டுப் பழகிய ஒருவரின் பேச்சைக் கேளுங்கள். பின்னர் அறிந்த பாடகர் ஒருவரின் பாட்டு. அதன்பின் வீணை, மிருதங்கம், நாதஸ்வரம். குரல் மூக்கினால் பேசுவது போலவோ, பானைக்குள்ளிருந்து வருவது போலவோ இருக்கின்றதா? ‘ச’கரம் செவியைக் குத்துகின்றதா? பத்து நிமிடம் கேட்ட பின்னும் இன்னும் கேட்கத் தோன்றுகின்றதா, நிறுத்தத் தோன்றுகின்றதா? இவ்வினாக்களுக்குச் செவி தரும் விடை, பெட்டியிலுள்ள எல்லா எண்களிலும் உயர்ந்தது. கடையிலே அதிரும் தாழ்ந்த சுருதியைக் கண்டு மயங்காதீர்கள். வண்டி ஓடும்போது சில்லுகளின் இரைச்சல் அதனைப் பெரும்பாலும் மூடிவிடும்; குரலின் தெளிவே எஞ்சி நிற்கும்.

செவி ஒருமுறைதான் கிடைக்கும்

ஒலிபெருக்கி பழுதானால் புதியது வாங்கலாம். செவியின் உட்புறத்திலுள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. வாரம் ஒன்றுக்கு 80 டெசிபெல் அளவிலான ஒலியை 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குழந்தைகளுக்கு அது 75 டெசிபெல் என்றே வரையறுக்கப்பட்டுள்ளது. ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகின்றது. 80இல் 40 மணி நேரமாயின் 83இல் 20, 86இல் 10, 89இல் 5 மணி நேரமே. மூடிய காருக்குள்ளே இவ்வெல்லையைக் கடப்பது மிக எளிது. அருகில் இருப்பவர் சாதாரண குரலிலே பேசுவது விளங்காவிடின், ஒலி அளவுமீறிவிட்டதென அறிக.

வீதியிலே அம்புலன்ஸ் வண்டியின் ஊதலும், பின்னால் வரும் லொறியின் ஒலியும், புகையிரதக் கடவையின் மணியும் சாரதியின் செவிக்கு எட்டவேண்டும். அவற்றை மூடிவிடும் இசை எத்துணை இனிதாயினும் அது இசையாகாது. இளைஞர்கள் இதனை ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும்.

ஆகவே, வாசகர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது கையிலே நான்கு குறிப்புகளை எடுத்துச் செல்லுங்கள்: பழைய ஒலிபெருக்கியின் அளவு, கதவின் ஆழம், ஓமின் எண், வானொலி தரும் உண்மையான மின்வலு. கூடவே, இயலுமாயின் வீட்டிலுள்ள முதியவரையும் அழைத்துச் செல்லுங்கள். தாழ்ந்த ஒலியிலே அவருக்குச் சொல் விளங்கச் செய்யும் ஒலிபெருக்கி எதுவோ, அதுவே உங்கள் காருக்கு ஏற்றது.